பெயர் பெறக் காத்திருந்த வண்டு

நெல் வயலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரு சிறு பூச்சியைக் கண்டிருப்பீர்கள். ஒரு நெல்மணியின் நீளந்தான் இருக்கும். தலை கறுப்பு, கழுத்துச் செம்மஞ்சள், முதுகில் ஒரு சிறு துண்டு கருநீலம், வயிறு மீண்டும் செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. நெல் மடலிலும் வரம்பிலும் எறும்பு போல விரைந்து ஓடும். தொட்டால் வாலை மேலே தூக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும். பலர் இதை எறும்பு என்றே எண்ணுகிறார்கள். ஆனால் இது ஒரு வண்டு.

இந்த வண்டின் பெரிய கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அது தென் அமெரிக்காவில் 1832ஆம் ஆண்டு பிடிபட்டது. அதற்குப் பெயர் கிடைத்ததோ 2014ஆம் ஆண்டில். இடையில் 180 ஆண்டுகளுக்கு மேல் அது பெயரின்றி ஒரு குண்டூசியில் குத்தப்பட்டுக் கிடந்தது. ஓர் உயிரினத்துக்குப் புதிதாகப் பெயர் வைப்பது என்றால் என்ன, அதற்கு என்னென்ன செய்கிறார்கள், வயலோடு வாழும் எமக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

குறுஞ்செட்டை வண்டுகள்

வண்டுகளுக்கு இரண்டு சோடிச் செட்டைகள் உண்டு. மேற்செட்டைகள் ஓடு போலக் கடினமானவை. அவற்றின் கீழே பறப்பதற்கான மெல்லிய செட்டைகள் மடிந்திருக்கும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அதன் முதுகு பெரும்பாலும் ஓட்டினால் மூடப்பட்டிருக்கும்.

நாம் சொல்லும் கூட்டத்து வண்டுகளில் இந்த மேலோடு மிகவும் குட்டையானது. அரைச்சட்டை போட்டது போல முதுகின் முற்பகுதியை மட்டும் மூடி, வயிற்றின் பெரும்பகுதியை வெளியே விட்டிருக்கும். ஆகவே இவற்றைக் குறுஞ்செட்டை வண்டுகள் என்று அழைப்போம். வெளியே தெரியும் வயிறு எப்பக்கமும் வளையக் கூடியது. அதனால் இலைச்சருகுக்குள்ளும் மண் வெடிப்புக்குள்ளும் இவை எளிதாக நுழைந்து கொள்ளும். அந்தக் குட்டை ஓட்டின் கீழே முழு நீளமான பறக்குஞ் செட்டைகளைப் பல மடிப்பாக மடித்து வைத்திருப்பது இவற்றின் விந்தை.

சாணம், உக்கிய மரம், காளான், ஆற்றங்கரை மணல், எறும்புப் புற்று என்று இவை இல்லாத இடம் குறைவு. பெரும்பாலானவை மற்றைய சிறு பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்பவை. உலகில் இதுவரை 60,000க்கும் மேற்பட்ட குறுஞ்செட்டை வண்டு இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதியவை சேர்ந்து கொண்டே இருக்கின்றன.

பீகிள் கப்பலில் வந்த இளைஞர்

1831ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி பீகிள் என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பல் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டது. தென் அமெரிக்கக் கரைகளை அளந்து வரைபடம் தயாரிப்பதே அதன் வேலை. அக்கப்பலில் சாள்ஸ் டார்வின் என்ற இளைஞரும் சென்றார். பிற்காலத்தில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய கருத்தினால் உலகப் புகழ் பெற்ற அதே டார்வின்தான் இவர். அப்போது அவருக்கு வயது 22. சிறு வயது முதலே வண்டு சேர்ப்பதில் பெரும் ஆசை கொண்டவர்.

1832ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கப்பல் ஆஜென்ரீனாவின் பாகியா பிளாங்கா என்ற இடத்தில் தங்கியது. புல்வெளிகள் பரந்த நாடு அது. அங்கே டார்வின் மண்ணில் புதைந்திருந்த பழங்கால விலங்குகளின் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். பூச்சிகளையும் சேர்த்தார். அவற்றுள் ஒரு குறுஞ்செட்டை வண்டும் இருந்தது. அதன் தலையும் கழுத்துப் பகுதியும் நீலப்பச்சையாக மினுங்கின. உணர்கொம்புகள் வாள் அலகின் பற்கள் போல அமைந்திருந்தன.

டார்வின் தாம் சேர்த்த பொருள்களுக்கு இலக்கம் இட்டு, எங்கே, எப்போது எடுத்தது என்பதைக் கொப்பியில் எழுதி வைக்கும் வழக்கம் உடையவர். அந்த வழக்கம் பின்னர் எவ்வளவு உதவியது என்பதைக் கீழே பார்ப்போம்.

180 ஆண்டுகள் பெட்டிக்குள்

பீகிள் 1836ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி இங்கிலாந்து திரும்பியது. டார்வின் கொண்டு வந்த பூச்சிகள் ஆயிரக்கணக்கானவை. எல்லாவற்றையும் ஒருவரே ஆராய முடியாது. எனவே அவை பல அறிஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சிலவற்றுக்கு உடனே பெயர் கிடைத்தது. சில வேறு பெட்டிகளுக்குள் கலந்து போயின. மேலே சொன்ன வண்டும் அப்படியே போயிற்று. அது தொலைந்து விட்டது என்றே கருதினார்கள்.

கிரேக்கப் பெயருடைய ஸ்டைலியானோஸ் சாட்சிமனோலிஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், சட்டனூகா நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர். குறுஞ்செட்டை வண்டுகளே அவருடைய ஆராய்ச்சித் துறை. நூதனசாலைகள் இத்தகைய ஆய்வாளர்களுக்குப் பூச்சிகளைக் கடனாக அனுப்பி வைப்பதுண்டு. நூல்நிலையத்தில் புத்தகம் இரவல் எடுப்பது போன்றது அது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருந்து அவருக்கு அவ்வாறு வந்த வண்டுகளுக்கிடையே ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்து வரவில்லை. அதன் ஊசியில் இருந்த சிறு கடதாசிச் சீட்டைப் பார்த்தபோது, அது பாகியா பிளாங்காவில் டார்வின் பிடித்த வண்டு என்று தெரிய வந்தது.

புதியது என்று எப்படித் தெரியும்?

முன்பு கண்டிராத பூச்சி ஒன்றை நாம் கண்டால் அது புதிய இனம் ஆகிவிடாது. எமக்குப் புதியது வேறொருவருக்குப் பழையதாக இருக்கலாம். ஆகவே ஆய்வாளர்கள் ஒழுங்கு முறைப்படி வேலை செய்கிறார்கள்.

1. ஒப்பிடுதல். அந்தக் கூட்டத்தில் முன்பு பெயரிடப்பட்ட இனங்கள் எல்லாவற்றினதும் விபரங்களை வாசிக்கிறார்கள். அவற்றின் மூல மாதிரிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மூல மாதிரி என்பது, ஓர் இனத்துக்கு முதன் முதலில் பெயர் வைத்தபோது அடையாளமாகக் குறிக்கப்பட்ட அந்த ஒரே பூச்சி. சந்தையில் தராசைச் சரிபார்க்க முத்திரை குத்திய படிக்கல் இருப்பது போல, பெயரைச் சரிபார்க்க மூல மாதிரி இருக்கிறது.

2. உறுப்புகளை ஆராய்தல். காய்ந்து விறைத்த வண்டை ஈரத்தில் வைத்து இளக வைக்கிறார்கள். பின்பு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வாயுறுப்பு, உணர்கொம்பு, கால், வயிற்று வளையங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். குறுஞ்செட்டை வண்டுகளில் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்கள் பல உண்டு. அவற்றை வேறுபடுத்த ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பே சிறந்த அடையாளம். அது ஒவ்வோர் இனத்துக்கும் தனி வடிவம் உடையது.

3. அளந்து வரைதல். தலையின் அகலம், கழுத்தின் நீளம், மேலோட்டின் நீளம் எல்லாம் மில்லிமீற்றர்க் கணக்கில் அளக்கப்படுகின்றன. வேறொரு நாட்டில் இருப்பவர் வாசித்தாலும் அதே வண்டை இனங்காணும்படி விபரம் எழுதப்படுகிறது. படமும் வரையப்படுகிறது.

4. அச்சிட்டு வெளியிடுதல். பெயரும் விபரமும் அறிவியல் வெளியீடு ஒன்றில் வர வேண்டும். மூல மாதிரி எது, அது எந்த நூதனசாலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று முதல் அப்பெயர் உலகம் முழுவதற்கும் உரியது. பின்பு ஒருவர் அதே இனத்துக்கு வேறு பெயர் வைத்தாலும், பொதுவாக முதலில் வைத்த பெயரே நிலைக்கும்.

சாட்சிமனோலிஸ் இவ்வாறு ஆராய்ந்தபோது, டார்வினின் வண்டு புதிய இனம் என்பது மட்டுமன்றி, அறியப்பட்டிருந்த எந்தப் பேரினத்திலும் அதைச் சேர்க்க முடியாது என்பதும் தெரிந்தது. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய இனங்கள் சேர்ந்த ஒரு குழு. எனவே பேரினத்துக்கும் ஒரு புதுப்பெயர் வேண்டியதாயிற்று.

இரண்டு பெயர் வைக்கும் முறை

நாங்கள் தகப்பன் பெயரை முன்னே வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னே எழுதுகிறோம். உயிரினங்களுக்கும் அப்படியே இரண்டு பெயர்கள். முதலாவது பேரினப் பெயர், இரண்டாவது அந்த இனத்துக்கே உரிய பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இருந்தே விலங்குகளின் பெயர்கள் இம்முறையில் கணக்கிடப்படுகின்றன.

டார்வினின் வண்டுக்கு வைத்த பெயர் டார்வினிலஸ் செடாரிசி. முற்பகுதி டார்வினை நினைவுகூருகிறது. பிற்பகுதி டேவிட் செடாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரில் இருந்து வந்தது. நுணுக்குக்காட்டியின் முன்னால் நெடுநேரம் இருந்து வேலை செய்யும்போது, ஒலிப்பதிவு செய்யப்பட்ட அவருடைய நகைச்சுவைக் கட்டுரைகளைக் கேட்பது ஆய்வாளரின் வழக்கமாம். களை பிடுங்கும்போது பாட்டுக் கேட்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பெயர் வெளியானது 2014ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி. அது டார்வினின் 205ஆவது பிறந்த தினம்.

நிலம் மாறிவிட்டது

இந்தக் கதையில் மனதைத் தொடும் பகுதி இனித்தான் வருகிறது. இந்த இனத்தில் இன்னும் வேறு வண்டுகள் கிடைக்குமா என்று பல நூதனசாலைகளில் தேடினார்கள். ஒன்றே ஒன்று கிடைத்தது. அது ஜேர்மனியில் பேர்லின் நூதனசாலையில் இருந்தது. ஆஜென்ரீனாவின் ரியோ குவார்ட்டோ என்ற இடத்தில் 1935ஆம் ஆண்டுக்கு முன்னர் பிடிக்கப்பட்டது. பாகியா பிளாங்காவில் இருந்து அவ்விடம் 600 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. பெயர் வைத்தபோது உலகில் அறியப்பட்டிருந்தவை இந்த இரண்டு வண்டுகளே. இரண்டும் எப்போதோ இறந்தவை.

அவ்விரண்டு இடங்களுக்கும் இடையில் இருந்த புல்வெளியின் பெரும்பகுதி இன்று விவசாய நிலம். வண்டு இப்போதும் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியை, பெயர் வைத்தவரே எழுப்பியிருக்கிறார்.

இதை வாசிக்கும் நாங்கள் நிலத்தை உழுது உண்டவர்கள். உழவு பாவம் என்று யாரும் எமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டுக் கமக்காரரும் பிள்ளைகளின் வயிற்றுக்காகவே உழுதார்கள். ஆனால் ஒரு நிலம் தன் உருவத்தை மாற்றும்போது அதை நம்பி இருந்த சிறு உயிர்கள் எங்கே போகும் என்ற கேள்வி, நிலத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்கு வெறும் பூச்சிக் கேள்வியாகத் தோன்றாது. அந்த வண்டு அங்கே வாழ்ந்தது என்பதற்கு இன்றுள்ள சாட்சி இரண்டு ஊசிகளும் அவற்றின் சீட்டுகளுமே. சீட்டில் ஊரின் பெயர் இல்லாதிருந்தால் அந்தச் சாட்சியும் இல்லை.

எமது வயல் வண்டுக்குப் பெயர் தந்த நன்மை

இனி எமது வயல் வண்டுக்கு வருவோம். அதன் பெயர் பீடெரஸ் பியூசிப்பெஸ். பிற்பகுதிக்குக் கருமை படர்ந்த காலையுடையது என்று பொருள். இங்கிலாந்தைச் சேர்ந்த கேட்டிஸ் என்பவர் 1826ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் வைத்தார். ஐரோப்பா முதல் யப்பான் வரை பரந்து வாழும் வண்டு இது. பல நாடுகளில் பலரும் பல பெயர்களால் அழைத்தாலும், இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் எல்லோரும் ஒரே வண்டையே நினைப்பார்கள். அதனால் ஒரு நாட்டில் அறிந்தது மற்ற நாட்டுக்கும் பயன்படுகிறது. அவ்வாறு நாம் அறிந்து கொண்டவற்றில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, இது கமக்காரனின் நண்பன். வளர்ந்த வண்டும் அதன் குடம்பியும் கபில நிறத் தத்திகளையும் இலைத் தத்திகளையும் பிடித்துத் தின்கின்றன. தத்திகளைக் கொல்ல அவசரப்பட்டுக் கிருமிநாசினி விசிறினால் இந்த நண்பர்களும் செத்துப் போவார்கள். பிறகு தத்திகள் முன்னிலும் அதிகமாகப் பெருகும். எனவே பூச்சியைக் கண்டவுடன் மருந்து விசிறாமல், எது பகை, எது நட்பு, எத்தனை இருக்கிறது என்று பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது, இதை உடம்பில் நசுக்கக் கூடாது. இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஆனால் இதன் உடல் நீரில் கடுமையான நஞ்சு உண்டு. வண்டின் உடலில் குடியிருக்கும் ஒரு பற்றீரியாவே இந்த நஞ்சை உண்டாக்குகிறது என்பது 2002ஆம் ஆண்டளவில் தெரிய வந்தது. கழுத்தில் ஊர்வதை அடித்து நசுக்கினால் அந்த நீர் தோலிற் படும். அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாளின் பின் தோல் சிவந்து, எரிந்து, கொப்புளம் போடும். சுடுநீர் பட்டது போலவோ அக்கி போலவோ தோன்றுவதால் பலர் காரணம் தெரியாமல் பயந்து போகிறார்கள்.

அறுவடை முடிந்து வயல் காயும் காலத்திலும் மழைக்குப் பின்னும் இவை வெளிச்சத்தைத் தேடி வரும். வயலை அண்டிய கொட்டில்களிலும், பலர் ஒன்றாகப் பாயில் படுக்கும் இடங்களிலும் கவனம் வேண்டும். செய்ய வேண்டியவை இவை:

படுக்கும் இடத்துக்கு நேர் மேலே விளக்கு வைக்காதீர்கள். முடிந்தால் நுளம்பு வலை கட்டுங்கள்.

பாயையும் துணியையும் படுக்க முன் உதறுங்கள்.

உடம்பில் ஊர்ந்தால் ஊதி விடுங்கள், அல்லது கடதாசித் துண்டில் ஏற விட்டு அகற்றுங்கள்.

நசுங்கி விட்டால் உடனே சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். உடுப்பையும் தோய்த்து விடுங்கள்.

கண்ணில் பட்டாலோ கொப்புளம் பெருகினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

இலங்கை வண்டுகளும் எழுதப்பட்டவையே

எமது நாட்டின் குறுஞ்செட்டை வண்டுகளையும் முன்னோர் ஆராய்ந்திருக்கிறார்கள். நீட்னர் என்ற ஜேர்மானியர் கோப்பித் தோட்டக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்தவர். அவர் சேர்த்து அனுப்பிய வண்டுகளை வைத்து, கிராட்ஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1859ஆம் ஆண்டில் இந்தியப் பகுதியினதும், சிறப்பாக இலங்கையினதும் குறுஞ்செட்டை வண்டுகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பின்னர் பிரித்தானியரான கமரோன் 1930 முதல் 1939 வரை நான்கு பாகங்களாக எழுதிய நூல், இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் வண்டுகளை விபரிக்கிறது. எமது காட்டிலும் வயலிலும் பிடிபட்ட வண்டுகள் இவ்வாறு ஐரோப்பிய நூதனசாலைகளில் ஊசியில் இருக்கின்றன. அவை எந்த நாட்டவை என்பதைச் சொல்வதும் அதே சிறு சீட்டுத்தான்.

நாமும் சீட்டு எழுதலாம்

புதிய இனத்துக்குப் பெயர் வைக்க நுணுக்குக்காட்டியும் நீண்ட படிப்பும் வேண்டும். ஆனால் அதன் முதல் வேலையான சீட்டு எழுதுதல் எல்லோருக்கும் முடிந்தது.

வயலில் முன்பு காணாத பூச்சி பயிரைத் தின்றாலோ, பயிரைத் தின்னும் பூச்சியை வேறொன்று தின்றாலோ, இரண்டு மூன்றைப் பிடித்து ஒரு சிறு போத்தலில் போட்டுச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றுங்கள். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்து விடும், பென்சில் எழுத்து அழியாது. ஊர், திகதி, என்ன பயிர், பயிரின் எந்தப் பாகம், பிடித்தவர் யார் என்ற ஐந்தும் இருந்தால் போதும். கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொண்டு போகும்போது அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.

விதைக்கும் இதையே செய்யலாம். ஊரை விட்டுப் புறப்படும்போது நெல், பயறு, கத்தரி, மிளகாய் விதைகளைத் துணியில் முடிந்து கொண்டு வந்த குடும்பங்கள் உண்டு. சில வருடங்களின் பின் இது எந்தக் கத்தரி, எந்தக் காணியில் நின்றது என்பது வயது போனவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, விதையின் பெயர், ஊர், எந்தப் போகம், யாருடைய வளவு என்பதை எழுதி விதைப் பைக்குள் போட்டு வையுங்கள். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். காலபோக விதைப்புக்கு முன் பைகளை வெயிலில் காய வைக்கும் நாளே இதற்குப் பொருத்தமான நாள்.